கடைசி உண்டு என்ற குரல்

நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், கேனட் குடா என்னும் மீனவர் ஊரின் தேவாலயத்தில், சுவரை ஒட்டிக் கிடந்த கடைசிப் பலகை ஜேபஸ் வோக்கிக்கு உரியது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் 1917ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் போரிலிருந்து திரும்பி வந்தது முதல், வேறு எவரும் அதில் உட்கார்ந்ததில்லை. முதுகைச் சுவரில் பதித்தாலன்றி அவரால் ஒரு துதிப்பாட்டு முடியும் வரைகூட அமர்ந்திருக்க முடியாது. கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதையில் யாரேனும் தமக்குப் பின்னால் வருவது தெரிந்தால், உடனே ஒதுங்கி நின்று, "நீங்க முன்னால போங்க" என்பார். வெளியூரார் அதை மரியாதை என்று எண்ணிக்கொண்டார்கள். உள்ளூரார் அப்படி எண்ணவில்லை. காரணத்தில் பாதி அவர்களுக்குத் தெரியும். மறு பாதியை ஜேபஸ் யாரிடமும் சொன்னதில்லை.

1919 பிப்ரவரியின் கடைசி ஞாயிறன்று, ஆராதனை முடிந்தபின், போதகர் ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தார். தலைநகரிலிருந்து ஒரு கப்பலின் தலைவர் எழுதியது. மார்ச் மாதக் கடல்நாய் வேட்டைக்குக் கேனட் குடாவுக்குப் பன்னிரண்டு இடங்கள் தரலாம். ஆனால், போருக்கு முன் ஐந்து வசந்தங்களில் ஓர் ஆளைக்கூட இழக்காமல் பனியில் வரிசை நடத்திய வோக்கி உடன் வர வேண்டும். வோக்கி இல்லையேல் அந்தப் பன்னிரண்டு இடங்களும் வேறு ஊருக்குப் போகும். கடிதம் அவ்வளவுதான்.

அந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. முந்தைய கோடையில் காட் மீன் கரைப்பக்கமே வரவில்லை. பல வீடுகளில் மாவுப் பீப்பாயின் அடிப்பலகை தெரிந்துவிட்டது. கெட்டி ரொட்டியை ஊறவைத்து, மீன் இல்லாமல், பன்றிக் கொழுப்பை மட்டும் உருக்கி ஊற்றித் தின்றுகொண்டிருந்தார்கள். தேவாலயத்திலிருந்த அத்தனை தலைகளும் கடைசிப் பலகையை நோக்கித் திரும்பின.

ஆம்புரோஸ் ஹைன்ஸ் எழுந்து அவரிடம் வந்தார். ஜேபஸைவிட ஐந்து வயது மூத்தவர். தொண்டையைத் திறந்தால் துறைமுகத்தின் மறு கரைக்குக் கேட்கும்.

"என்ன ஜேபஸு, சுவரு உன்னத் தாங்குதா, இல்ல சுவர நீ தாங்கறியா?"

"என்னால ஆகாதுண்ணே."

"தோள் வலியா?"

"தோள் இல்ல."

"கால்னு மட்டும் சொல்லிடாத. முந்தாநேத்து நான் பின்னால வந்தப்ப முயல் கணக்கா தாவி ஒதுங்குன."

சிலர் சிரித்தார்கள். ஜேபஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு, சுவரோரமாகவே நகர்ந்து வெளியேறினார்.

பனியின்மேல் நடப்பதற்கு நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கரையில் ஒரு முறை இருந்தது. கப்பல் நிற்குமிடத்திலிருந்து ஆட்கள் கடல்நாய்களைத் தேடி நாலைந்து மைல் மிதக்கும் பனிப்பாளங்களின்மேல் நடப்பார்கள். தலைவன் இரும்புக் கொக்கி பூட்டிய கழியால் பாளத்தைத் தட்டிப் பார்த்துக் காலை வைப்பான். அவன் வைத்த இடத்தில்தான் அடுத்தவன் வைக்க வேண்டும். இப்படியே ஒற்றை வரிசை. தலைவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் பனியை விட்டு விலகும், வரிசை தயங்கும், தயங்கினால் ஒரே பாளத்தில் மூவர் நின்றுவிடுவார்கள், பாளம் அமிழும். ஆகவே முதுகுப்புறத்தைக் குரலிடம் ஒப்படைத்திருந்தார்கள். நூறு காலடிக்கு ஒரு முறை வரிசையின் கடைசி ஆள் "கடைசி உண்டு!" என்று கூவுவான். அவனுக்கு முன்னால் போகிறவன் அதைத் திருப்பிக் கூவ, அப்படியே வாய் மாறி வாய் மாறித் தலைவனின் காதுக்கு வந்து சேரும். அந்தக் குரல் வரும் வரை தலைவன் நடப்பான். வராவிட்டால் நிற்பான். பனிப்புயலில் கண்ணுக்கு முன் கை தெரியாதபோதும் அந்த ஊரார் உயிரோடு கப்பல் ஏறியது இந்த முறையால்தான்.

பிரான்சில், 1916 ஜூலையின் முதல் சனிக்கிழமை காலையில், இதே முறை அவர்களைக் கைவிட்டது.

தீவிலிருந்து போருக்குப் போன பட்டாளத்தில், கேனட் குடாவின் பன்னிருவரும் ஒரே பிரிவில் இருந்தார்கள். ஜேபஸ் அவர்களை நடத்தும் லான்ஸ் கார்ப்பரல். பட்டாளம் மூன்றாம் வரிசைப் பதுங்குகுழியில் காத்திருந்தது. அன்று காலை முன்னதாக ஏறிய இரண்டு படை அலைகளும் முன்னால் எங்கோ போய், சத்தமின்றிக் கரைந்திருந்தன. ஒவ்வொருவர் முதுகிலும் பிஸ்கட் டப்பாவிலிருந்து வெட்டிய தகர முக்கோணம் ஒன்று தைக்கப்பட்டிருந்தது. எவ்வளவு தூரம் முன்னேறினார்கள் என்பதைத் தங்கள் பீரங்கிக்காரர்கள் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்வதற்காக அந்த ஏற்பாடு.

"பின்னாலேருந்து பாத்தா எல்லாரும் ஜாம் டப்பா மாதிரியே இருக்கோம்," என்றான் செஸ் பார்டி. ஆம்புரோஸின் தங்கை கெசாயாவை மணந்தவன். பன்னிருவரில் மிகவும் உயரமானவன். "பசிச்சவன் எவனாவது நம்மளத் தொறந்துடப் போறான்."

"உன்னத் தொறந்தா வெறும் காத்துதான் வரும்," என்றான் நோவா பெல்தம்.

ஒன்பதே கால் மணிக்கு ஆணை வந்தது. பக்கத்துப் பட்டாளத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே ஏறலாம். முன்வரிசைக்குச் செல்லும் குழிப்பாதைகளில் காயமுற்றவர்களும் இறந்தவர்களும் நிரம்பி வழி அடைபட்டிருந்தது. எனவே நின்ற இடத்திலிருந்தே மேலேறி, இருநூற்றைம்பது கஜம் திறந்த புல்வெளியைக் கடந்தால்தான் தங்கள் முள்கம்பி வேலியையே அடைய முடியும். அந்த வேலியில் நான்கைந்து இடங்களில் மட்டும் திறப்பு வெட்டியிருந்தார்கள். எதிரியின் துப்பாக்கிகள் அந்தத் திறப்புகளை அறிந்திருந்தன.

"எப்படிண்ணே போறது?" என்று செஸ் கேட்டான். அப்போது அவன் குரலில் வேடிக்கை இல்லை.

ஜேபஸ் பதினொரு முகங்களையும் பார்த்தார். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னால் கால் நடுங்காது என்று அவருக்குத் தோன்றிற்று.

"கம்பி வரைக்கும் விரிஞ்சு போவோம், சொன்ன மாதிரி. திறப்புக்கிட்ட வந்ததும் பனியில போற மாதிரிதான். என் முதுகப் பாருங்க. நான் கால் வச்ச எடத்துல வைங்க. செஸ், நீ கடைசி."

"எப்பவும் நான்தானே கடைசி," என்றான் செஸ்.

ஏறினார்கள். குண்டுகள் சாய்ந்தடிக்கும் பனித்துகளைப் போல் வந்தன. ஆட்கள் யாரும் சொல்லாமலே தாடையை மார்போடு சேர்த்து, தோளை முன்னால் சாய்த்து, வடகிழக்குக் காற்றில் நடப்பதைப் போல் நடந்தார்கள். விரிந்து போவது நாற்பது கஜம்கூட நிலைக்கவில்லை. அவர்களுடைய கால்கள் தாமாகவே ஜேபஸின் பின்னால் வந்து வரிசையாயின. அவர் அதைத் தடுக்கவில்லை. முதுகில் அந்தக் காலடிகளை உணர்ந்தபோது அவருக்கே தெம்பாக இருந்தது.

திறப்பைத் தாண்டினார். "கடைசி உண்டுண்ணே!" என்று பின்னாலிருந்து நோவாவின் குரல் கேட்டது. நடந்தார். நிலம் சரிவாக இறங்கியது. மறுபடியும் நோவா: "கடைசி உண்டு!" இன்னும் நடந்தார். இலையற்ற ஒரு மரத்தின் அருகே மூன்றாவது முறையும் அதே குரல், சற்று மேல்மூச்சாக. அதன் பிறகு ஒன்றும் இல்லை. அவர் நிற்க வேண்டும். நின்றார். பிறகு, வரிசை நடத்திய காலமெல்லாம் செய்யாத ஒன்றைச் செய்தார், திரும்பிப் பார்த்தார்.

நின்றுகொண்டிருந்தவர் எவரும் இல்லை. அவர் வந்த தடத்திலேயே, ஒருவன் பின் ஒருவனாக, எல்லோரும் கிடந்தார்கள். முதுகுத் தகரங்கள் வெயிலில் ஒரே கோட்டில் மின்னின. திரும்பிய அந்தக் கணத்தில் அவருடைய இடது தோளில் குண்டு பாய்ந்தது. திரும்பாமல் நின்றிருந்தால் அது மார்பில் பாய்ந்திருக்கும்.

பகல் முழுவதும் ஒரு பள்ளத்தில் கிடந்தார். இருட்டியதும் தம் தடத்திலேயே ஊர்ந்து திரும்பினார். வழியில் ஒவ்வொருவராகக் கையால் தடவி எண்ணிக்கொண்டே வந்தார். முதலில் நோவா. திறப்பின் வாயில் ஐவர், ஒருவர்மேல் ஒருவர். வேலிக்கு இப்பால், திறப்பை எட்டாமலே நால்வர். கடைசி ஆளான செஸ், திறப்பை எட்டுவதற்கு அறுபது கஜம் முன்பே விழுந்திருந்தான்.

ஜேபஸ் அங்கேயே படுத்துக் கணக்கிட்டுப் பார்த்தார். திறப்பைத் தாண்டிய பிறகு அவர் மூன்று முறை கேட்ட குரல், கடைசி ஆளிடமிருந்து வந்ததில்லை. நோவாவுக்குப் பின்னால் எவரும் கூவியிருக்கவில்லை. தலைவன் தயங்கக் கூடாது என்பதற்காகவோ, வாய்ப் பழக்கமாகவோ, நோவா தானே கூவியிருக்கிறான்.

மறுநாள் பெயர் கூப்பிட்டார்கள். எண்ணூறு பேரை நெருங்கிய பட்டாளத்தில் எழுந்து நின்று பதில் சொன்னவர் எழுபது பேர்கூட இல்லை. கேனட் குடாவின் பதினொரு பெயர்களும் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஜேபஸின் வாய் திறந்து மூடிற்று. பதினொருவரில் ஒருவரும் வரவில்லை.

கடிதம் படித்த ஞாயிறுக்கு அடுத்த நாள், கெசாயா பார்டி அவருடைய வீட்டுக்கு வந்தாள். ஜேபஸ் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். தேவைக்கு மேல் மூன்று வாரத்து விறகு ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தது. அவள் அவருக்கு முன்புறமாகச் சுற்றி வந்து நின்றாள். ஊரில் அதைக் கவனித்துச் செய்கிறவள் அவள் ஒருத்திதான்.

"மரம் பாக்கி இருக்கா, இல்ல காட்டையே கொண்டாந்துட்டீங்களாண்ணே?"

"சும்மா உக்கார முடியல."

"அது தெரியும்." அவள் மேலங்கியின் உள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். "செஸ் கடைசியா எழுதினது. படிங்க."

அவர் கோடரியைக் கீழே வைக்காமலே படித்தார். பென்சில் எழுத்து. ‘நாளைக்கோ மறுநாளோ ஏதோ பெருசா நடக்கப்போகுது. நீ பயப்படாதே. ஜேபஸ் அண்ணன் முன்னால போறாரு. நான் வழக்கம்போல வாலு.’

"இத எதுக்கு எங்கிட்ட காட்டுற?"

"இதப் படிச்சிட்டு நான் நிம்மதியாத் தூங்குனேண்ணே. ஒம்பது ராத்திரி. அந்த ஒம்பது ராத்திரியும் அவரு அந்தப் புல்லுல கெடந்திருக்காரு. பத்தாம் நாள் போதகர் தந்தியோட வந்தாரு. அந்தத் தூக்கத்துக்காக உங்க மேல எனக்கு ரெண்டரை வருஷமா கோவம்."

ஜேபஸ் தாளைத் திருப்பி நீட்டினார். அன்று தாம் கேட்ட குரல் யாருடையது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நோவாவின் பெயரைச் சொன்னால், இறந்தவன்மேல் பழி போட்டதாகிவிடும்.

"எங்கண்ணன் எப்படியும் பனிக்குப் போவாரு," என்றாள் கெசாயா. "இந்தக் கப்பல் இல்லன்னா வேற எவன் பின்னாலயாவது போவாரு. அவருக்கு நாலு புள்ளைங்க. யாரு முதுகப் பாத்து நடக்கறதுன்னு நான் சொல்ற எடத்துல இருந்தா, உங்க முதுகுன்னுதான் சொல்லுவேன். கோவம் வேற, இது வேற."

"என் பின்னால காலடி கேட்டா எனக்கு மூச்சு நிக்குது, கெசாயா."

"அப்ப மூச்சு நின்னு நின்னு நடங்க."

தாளை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் ஜேபஸ் போதகரிடம், தாம் வருவதாகவும், ஆனால் வரிசையின் கடைசியில்தான் நடக்க முடியும் என்றும் சொன்னார். கப்பல் தலைவருக்குச் சம்மதம் என்று மட்டும் எழுதினார்கள். முன்னால் நடக்க ஆம்புரோஸ் ஒப்புக்கொண்டார்.

மார்ச் மாதம் பன்னிரண்டாம் நாள் கப்பல் புறப்பட்டது. பனியில் முதல் இரு நாட்கள் தெளிவாக இருந்தன. ஆம்புரோஸுக்கு உடல் பலமும் குரல் பலமும் உண்டு. பனியைப் படிக்கும் கண் மட்டும் இல்லை. கடைசியில் நடந்த ஜேபஸ் அவருடைய ஒவ்வொரு காலடியையும் தூரத்திலிருந்தே மனத்துக்குள் திருத்தியபடி நடந்துகொண்டிருந்தார். நூறு காலடிக்கு ஒரு முறை "கடைசி உண்டு" என்று கூவ வேண்டியவர் அவர். கூவினார். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வாயில் உப்பாகக் கரித்தது.

மூன்றாம் நாள் நண்பகலில் வானம் வடகிழக்கிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. கப்பல் மூன்று மைல் தொலைவில் இருந்தது. அரை மணி நேரத்தில் பனித்துகள் காற்றோடு சேர்ந்து முகத்தை அறையத் தொடங்கிற்று. கப்பலின் ஊதல் ஒலி ஒரு திசையில் கேட்கும். மறுமுறை வேறு திசையில் கேட்கும். அப்போதுதான் ஆம்புரோஸ் நொய்ந்த பனியில் கால் வைத்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். கழிகளின் கொக்கியால் மேலங்கியைப் பற்றி இழுத்தெடுத்தார்கள்.

"பேன்ட் கல்லாயிடுச்சு," என்றார் ஆம்புரோஸ், பல் கிட்டியபடி. "நடந்தா மணியடிக்கும் போலிருக்கு. ஜேபஸு, போதும்டா உன் விளையாட்டு. முன்னால போ. நான் வாலுக்குப் போறேன்."

"நீங்க நடுவுல நடங்கண்ணே. நனைஞ்சிருக்கீங்க."

"தப்பு வழி காட்டினவன் கடைசி. அதுதானே நம்ம ஊரு வழக்கம்."

வாதாட நேரமில்லை. ஜேபஸ் வரிசையின் ஓரமாக முன்னேறிச் சென்றார். அவர் கடக்கையில் ஒவ்வொருவரும் அவர் தோளைத் தட்டினார்கள். அவருக்கு அடுத்தாற்போல் நின்றவர் சைலஸ் பெல்தம்; பிரான்சில் இறந்த நோவாவின் அண்ணன்.

கழியால் தட்டினார், நல்ல பாளம். காலை வைத்தார். பின்னால் காலடிகள் தொடங்கின. கேட்டதும் மூச்சு நின்றது. நின்ற மூச்சோடு அடுத்த அடி வைத்தார். பத்து அடி வைத்ததும் திரும்பிப் பார்த்தார்.

"ஏய், முன்னால பாருப்பா!" என்று சைலஸ் கத்தினார். "நீ நின்னா நானும் உன் பின்னால நின்னுடணும், பாளம் தாங்காது."

"தாங்குற பாளமாப் பாத்துத்தான் திரும்பறேன்."

உண்மையில் அப்படித்தான் செய்தார். கனத்த பாளத்தில் ஏறும்போதெல்லாம் நின்று திரும்பி, கண்ணுக்குத் தெரிந்த மட்டும் தலைகளை எண்ணிவிட்டு நடந்தார். வரிசை ஊர்ந்தது. பின்னாலிருந்தவர்கள் திட்டுவது காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது. நூறு காலடிக்கு "கடைசி உண்டு!" என்ற குரல் சைலஸின் வாயிலிருந்து தவறாமல் வந்தது. இரண்டாவது நூறு. மூன்றாவது நூறு. "கடைசி உண்டு!"

நான்காவது நூறிலும் குரல் வந்தது. ஜேபஸ் பெரிய பாளம் ஒன்றில் ஏறி, இம்முறை எல்லோரையும் அதன்மேல் வரச்சொல்லிக் காத்திருந்தார். ஒவ்வொருவராக வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். எண்ணினார். மீண்டும் எண்ணினார். பத்துப் பேர்.

"ஆம்புரோஸ் எங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"இப்பக் கூவுனியே சைலஸ், கேட்டுட்டா கூவுன?"

"கேட்ட மாதிரிதான் இருந்துச்சு," என்றார் சைலஸ். பிறகு தொப்பியைக் காதுக்கு மேல் தூக்கிக் கேட்டுப் பார்த்தார். "தெரியலப்பா. நூறு ஆச்சு. வாய் தானா சொல்லிடுச்சு."

ஜேபஸ் அவரைக் கோபிக்கவில்லை. "இங்கயே நில்லுங்க எல்லாரும். அசையாதீங்க. நிமிஷத்துக்கொரு முறை கூவிக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு, நிரம்பிக்கொண்டிருந்த தடங்களின் வழியே திரும்பி நடந்தார். ஒவ்வொரு தடத்தையும் கழிமுனையால் தொட்டு, குனிந்து, எண்ணிக்கொண்டே. அந்தப் புல்வெளியில் ஊர்ந்து வந்தபோதும் இப்படித்தான் கையால் தடவிக்கொண்டு வந்தார். அன்று கை பட்டதெல்லாம் குளிர்ந்திருந்தது.

நூற்றெண்பதாவது தடத்தில் ஆம்புரோஸ் உட்கார்ந்திருந்தார். கழியை மடியில் கிடத்தி, அடுப்பங்கரையில் தேநீருக்குக் காத்திருப்பவரைப் போல் இருந்தார். கன்னத்தில் இரண்டு அறை விழுந்ததும் கண் திறந்தார்.

"கூவுனேன் ஜேபஸு. கூவுனேன்டா. யாருக்கும் கேக்கல."

"கேக்கலண்ணே. எண்ணிப் பாத்தேன்."

தூக்கி நிறுத்தி, தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். காயம்பட்ட இடது தோளில்தான் அந்தப் பாரம். பாளத்தை அடைந்ததும், சைலஸ் தம் மேலங்கியைக் கழற்றி ஆம்புரோஸுக்குப் போர்த்தினார். போர்த்திக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "அங்க, பிரான்சுல, என் தம்பிதானே உனக்குப் பின்னால வந்தான்?"

"ஆமா."

"அவனும் கூவுனானா?"

ஜேபஸ் கழிமுனையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டார். "மூணு தடவ," என்றார். "அவன் பின்னால யாரும் இல்ல. ஆனாலும் கூவுனான்."

சைலஸ் பொத்தானைப் போட்டு முடித்தார். "உன்ன நிறுத்தக் கூடாதுன்னு நெனச்சிருப்பான்," என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் என்றைக்கும் பேசவில்லை.

ஜேபஸ் வரிசையைத் திருத்தினார். ஆம்புரோஸ் நடுவில், இருவர் தாங்க. "இனிமே குரல் வேண்டாம்," என்றார். "நானே திரும்பிப் பாத்துக்கறேன். திட்டறதுன்னா திட்டுங்க."

கப்பலின் பக்கவாட்டை அடைந்தபோது, தலைவர் மேல்தளத்திலிருந்து குனிந்து இரைந்தார்: "ரெண்டு மணி நேரமா ஊதறேன், வோக்கி! நடந்து வந்தீங்களா, திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தீங்களா?"

"திரும்பிப் பாத்துக்கிட்டேதான் வந்தோம் ஐயா," என்றார் ஜேபஸ். பதினொருவரும் கயிற்றேணியில் ஏறி முடித்த பிறகுதான் தாம் காலை வைத்தார்.

ஆம்புரோஸுக்கு மூன்று கால்விரல்கள் போயின. கேனட் குடாவின் பீப்பாய்களில் அந்த வசந்தத்தில் மாவு வந்தது. அதன் பிறகு பதினான்கு வசந்தங்கள் ஜேபஸ் வோக்கி வரிசை நடத்தினார். கழுத்தைத் திருப்பிக்கொண்டே நடந்ததால், பிற ஊர்க்காரர்கள் அவருக்கு ‘ஆந்தை’ என்று பெயர் வைத்தார்கள். மற்ற வரிசைகள் கப்பலுக்குத் திரும்பி இரவுச் சாப்பாட்டை முடித்த பின்புதான் அவருடைய வரிசை வந்து சேரும். அமைதி அவருக்கு வரவேயில்லை. தேவாலயத்தில் கடைசிப் பலகையை விடவில்லை. பனியிலிருந்து ஓய்ந்த பிறகும், கடைக்குத் தனியாகப் போகும் பாதையில்கூட, பத்து அடிக்கு ஒரு முறை நின்று திரும்பிப் பார்ப்பார். பின்னால் எவரும் இருப்பதில்லை.

அந்தப் பாதை கெசாயாவின் வீட்டைக் கடந்து போகிறது. அவர் கடந்ததும் எந்த இடத்தில் நின்று திரும்புவார் என்பது அவளுக்கு எண்ணி எண்ணித் தெரியும். கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, அதற்குள் வாசலுக்கு வந்து நின்றுகொள்வாள். அவர் திரும்பும்போது கையை உயர்த்துவாள். ஜேபஸ் தலையசைத்துவிட்டு, அடுத்த பத்து அடி நடப்பார்.